நெட்டோட்ட வீரர் டாம் லாங்போட்

கனடா நாட்டின் ஒண்டேரியோ மாகாணத்தில் கிராண்டு ஆறு என்றோர் ஆறு பாய்ந்து ஈரி என்னும் பேரேரியிற் கலக்கின்றது. அவ்வாற்றங்கரையில், பிராண்ட்போர்டு நகரை அடுத்து, ஆறு தொல்குடியினர்க்கு உரிய நிலப்பகுதி ஒன்று உண்டு. மோகாக்கர், ஒனைடர், ஒனொண்டாகர், கயூகர், செனகர், டஸ்கரோரர் என்பன அக்குடிகளின் பெயர்கள். ஐரோப்பியர் வட அமெரிக்காவிற் குடியேறுவதற்கு நெடுங்காலம் முன்னரே இக்குடிகளுட் பல தம்முள் ஒன்றுகூடிக் கூட்டாட்சி நடத்தின. குதிரையும் வண்டியும் அறியாத அக்காலத்தில், ஒரு குடியின் செய்தியை மற்றொரு குடிக்குக் கொண்டு செல்வதற்கென்றே காட்டுவழிகளில் இரவும் பகலும் ஓடவல்ல இளைஞர் இருந்தனர். தமிழில் ஓட்டன் என்னும் பழஞ்சொல் ஓடுவோனையும் தூதனையும் ஒருங்கே குறித்தல் இங்கு நினையத்தக்கது. இரண்டும் ஒரு தொழிலே என்பது அம்மக்களுக்கும் உடன்பாடாம். நெட்டோட்டம் அவர்க்கு விளையாட்டு மட்டும் அன்று. குடியைக் காக்கும் கடமையும் ஆகும்.

அக்குடிகளுள் ஒனொண்டாகர் குடியில், 1880-களின் பிற்பகுதியில், ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் டாம் லாங்போட் பிறந்தார். நெடும்படகு என்பது குடும்பப் பெயரின் பொருள். குடிமரபின்படி அவர்க்கு இடப்பெற்ற பெயர் காக்வேகி என்பது. 'அனைத்தும்' என்பது அதன் பொருளாகும். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயார் வறுமையோடு போராடி மக்களை வளர்த்தார்.

பன்னிரண்டு வயதளவில் சிறுவர் லாங்போட் மோகாக் பயிற்சி நிலையம் என்னும் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். தொல்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்தம் மொழியையும் சமயத்தையும் மறக்கச் செய்து, ஐரோப்பிய வாழ்க்கைக்கு மாற்றுதல் வேண்டும் என்னும் நோக்கத்துடன் கனடா நாட்டில் அந்நாளில் நடத்தப்பட்டுவந்த பள்ளிகளுள் அதுவும் ஒன்று. அங்கே தாய்மொழி பேசுதல் குற்றம். வயல்வேலை மிகுதி, கல்வி குறைவு. சிறுவர் அதனைப் பொறுக்கமாட்டாது ஒருநாள் தப்பி ஓடித் தம் இல்லம் அடைந்தார். பள்ளியார் தேடிப் பிடித்துக் கொண்டு சென்று தண்டித்தனர். இரண்டாம் முறை அவர் ஓடியபோது தம் இல்லத்தை நாடவில்லை. அங்கேதான் முதலில் தேடுவர் என்பதை அறிந்துகொண்டார். சிற்றப்பன்மார் முறையில் அமைந்த உறவினர் ஒருவரது இல்லத்தில் ஒளிந்திருந்தார். இம்முறை எவரும் அவரைப் பிடிக்க முடியவில்லை. லாங்போட் ஓடி வென்ற முதல் ஓட்டம் இதுவே எனலாம். பல்லாண்டு கழித்து அவர் பெரும்புகழ் பெற்றபின், அதே பள்ளி அவரை மாணவர்முன் உரையாற்ற வருமாறு அழைத்தது. அவர் செல்ல மறுத்துவிட்டார்.

பள்ளியை விட்டவர் பண்ணைகளிற் கூலிவேலை செய்தார். வேலை தேடி ஊர் ஊராக நடந்தமையால் அவர் கால்கள் உரம் பெற்றன. ஒருநாள் அவர் தமையனார் குதிரைவண்டியில் ஆமில்டன் நகருக்குப் புறப்பட்டார் என்றும், அரைமணி நேரம் கழித்துக் கால்நடையாக ஓடத் தொடங்கிய லாங்போட் அவர்க்கு முன்னரே நகரை அடைந்தார் என்றும் அவ்வூரார் ஒரு கதை சொல்லுவர். கதையில் எவ்வளவு மெய், எவ்வளவு புனைவு என்பது ஒருபுறம் இருக்க, அவர் ஓடுதலைத் தொழிலாகக் கொள்ள எண்ணியதற்கு வேறொரு காரணம் உண்டு. அவர் ஊரைச் சேர்ந்த பில் டேவிஸ் என்னும் மோகாக் குடியினர் 1901-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் இரண்டாமவராக வந்திருந்தார். தம்மைப் போன்ற ஒருவர் சென்ற வழி தமக்கும் திறந்திருக்கும் என்று இளைஞர் துணிந்தார்.

1905-ஆம் ஆண்டில் கலிடோனியா என்னும் சிற்றூரில் நடந்த ஐந்து மைல் ஓட்டத்தில் அவர் இரண்டாம் இடம் பெற்றார். தொடக்கத்திலேயே விரைந்தோடி வலிமையைச் செலவிட்டுவிட்டமையே தோல்விக்குக் காரணம் என்று தெளிந்து, மறு ஆண்டு முழுவதும் தனியே பயின்றார். 1906-ஆம் ஆண்டில் ஆமில்டன் நகரில் வளைகுடாவைச் சுற்றி நடைபெறும் ஓட்டத்தில் கலந்துகொண்டார். ஏறத்தாழ 19 மைல் நீளமுள்ள அவ்வோட்டம் 1894-ஆம் ஆண்டில் தொடங்கியது. பாஸ்டன் ஓட்டத்தினும் பழமையானது. நல்லுடையும் இன்றி, மலிவான காலணியோடு வந்து நின்ற பழங்குடி இளைஞரை அன்று மதித்தார் எவரும் இலர். அவர் மற்றவர்களை ஏறத்தாழ மூன்று நிமிடம் பின்னிட்டு வென்றார்.

மறு ஆண்டு, 1907 ஏப்பிரல் 19-ஆம் நாள், பாஸ்டன் ஓட்டம் வந்தது. அன்று குளிர் மிகுந்திருந்தது. மழையும் பனியும் கலந்து பெய்து வழியெல்லாம் சேறாயிற்று. அக்காலத்து ஓட்டவழி இன்றைய மாரத்தான் தொலைவாகிய 26 மைல் 385 கெஜத்தினும் சற்றுக் குறைந்தது. ஏறத்தாழ 24½ மைல் இருக்கும். பிரேமிங்காம் என்னும் ஊரிற் புகைவண்டிப் பாதை ஓட்டவழியைக் குறுக்கிட்டது. முன்னணியில் ஓடியோர் சிலர் பாதையைக் கடந்ததும் சரக்கு வண்டி ஒன்று வந்து வழியை மறித்தது. பின்வந்தோர் வண்டி செல்லுமளவும் குளிரில் நின்று காத்திருக்க நேர்ந்தது. லாங்போட் முன்னணியில் இருந்தமையால் தப்பினார். இதனை நற்பேறு என்பாரும் உளர். ஆயினும் அவ்விடத்தில் முன்னணியில் இருந்ததற்கு அவர் கால்களே காரணம். பின்னர் வந்த மேடுகளை அவர் தளராது ஏறி, 2 மணி 24 நிமிடம் 24 நொடியில் எல்லையை அடைந்தார். அதற்குமுன் அவ்வோட்டத்தில் இருந்த சிறந்த நேரத்தைவிட இஃது ஏறத்தாழ ஐந்து நிமிடம் குறைவு. டொராண்டோ நகரம் அவரைத் திரண்டு வரவேற்றது. நகரமன்றம் அவர் கல்விக்கென 500 டாலர் அளிப்பதாக உறுதி கூறிற்று.

ஓட்டக்காரர் அந்நாளில் இருவகையினராகப் பிரிக்கப்பட்டிருந்தனர். பரிசுப் பொருள் பெறாது புகழ் ஒன்றே கருதி ஓடுவோர் ஒருசாரார். ஓடிப் பொருளீட்டுவோர் மற்றொரு சாரார். முன்னவரை உயர்ந்தோர் என்றும் பின்னவரைத் தாழ்ந்தோர் என்றும் விளையாட்டுக் கழகங்கள் கருதின. செல்வர்க்கு இவ்வேறுபாடு பொருந்தும். அன்றாடம் கூலி செய்து உண்ணும் ஒருவர் வேலையை விட்டு நாள்தோறும் பயில்வது எங்ஙனம் என்பதை அவ்விதி செய்தோர் எண்ணினாரல்லர். தொழில்முறை ஓட்டம் பழிக்கத்தக்க புதுமையும் அன்று. செனகர் குடியினராகிய லூயி பென்னெட் என்பார், மான்கால் என்னும் பொருளுடைய பட்டப்பெயரோடு, 1861 முதல் இங்கிலாந்தில் ஓடிப் பொருளீட்டினார். 1863-ஆம் ஆண்டில் அவர் ஒருமணி நேரத்தில் 11 மைல் 970 கெஜம் ஓடினார். எனினும் காண வந்த மக்கள் இறகும் தோலும் அணிந்த காட்சிப் பொருளாகவே அவரைக் காண விரும்பினர். லாங்போட்டின் காலத்திலும் அந்நோக்கு மாறவில்லை. செய்தித்தாள்கள் அவரைப் பெயரால் அழைப்பதினும் குலத்தால் அழைப்பதே மிகுதி.

பாஸ்டன் வெற்றிக்குப் பின் லாங்போட்டுக்கு டாம் பிளானகன் என்பவர் மேலாளர் ஆனார். டொராண்டோவில் தங்கும் விடுதி நடத்தியவர் அவர். விளம்பரக் கலையில் வல்லவர். லாங்போட்டின் பயிற்சிமுறையும் அவர் விருப்பமும் ஒத்துவரவில்லை. லாங்போட் ஒருநாள் பல மைல் மெல்ல நடப்பார், ஒருநாள் விரைந்து ஓடிப் பார்ப்பார், ஒருநாள் ஓய்வுகொள்வார். நாள்தோறும் உடலை வருத்துவதே பயிற்சி என்று எண்ணிய மேலாளரும் செய்தியாளரும் இதனைச் சோம்பல் என்றனர். வென்றபோது மேலாளரின் திறமை என்றும், தோற்றபோது ஓட்டக்காரரின் மடிமை என்றும் எழுதினர். பின்னாளில் நெட்டோட்டப் பயிற்சியாளர்கள் கடுமையான நாளை அடுத்து எளிய நாளும் ஓய்வும் வேண்டும் என்று முறை வகுத்தனர். லாங்போட் நெடுநாள் முன்னரே தம் உடல் கூறியதைக் கேட்டு அதனைச் செய்துவந்தார்.

1908-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. லாங்போட் பொருள் கருதி ஓடுபவர் என்று கூறி அமெரிக்கக் கழகத்தார் அவர் வரவை எதிர்த்தனர், அவ்வெதிர்ப்பு நிலைபெறவில்லை. சூலைத் திங்கள் 24-ஆம் நாள், வெயில் கடுமையாக இருந்தபொழுது, வின்சர் அரண்மனையிலிருந்து ஓட்டம் தொடங்கிற்று. லாங்போட் முன்னணியில் ஓடி, இருபதாம் மைலை ஒட்டித் தளர்ந்து விலகினார். அன்று இத்தாலி நாட்டவராகிய டொராண்டோ பியத்ரி (டொராண்டோ நகரத்தின் பெயரோடு இவர் பெயர் ஒலியால் ஒத்ததேயன்றி வேறு தொடர்பில்லை) முதலில் அரங்கினுட் புகுந்தார். மயங்கிப் பன்முறை விழுந்தார். அதிகாரிகள் தூக்கி நிறுத்தி எல்லை கடக்கச் செய்தமையால் அவர் வெற்றி செல்லாதாயிற்று. அமெரிக்கராகிய ஜானி ஏயிஸ் வென்றவரானார். ஆயினும் வென்றவரைவிட வீழ்ந்தவரையே உலகம் பேசிற்று. அரசியார் அலெக்சாந்திரா பியத்ரிக்குத் தனியே ஒரு கிண்ணம் பரிசளித்தார்.

இதன்பின் மாரத்தான் ஓட்டத்தில் மக்களுக்குப் பெரும்பித்துப் பிடித்தது. அப்பித்தைக் காசாக்க விழைந்தோர் நியூயார்க்கு நகரில் மாடிசன் சதுக்கப் பூங்கா என்னும் கூரை வேய்ந்த அரங்கில் இருவர் இருவராக ஓடும் போட்டிகளை ஏற்பாடு செய்தனர். லாங்போட் தொழில்முறை ஓட்டக்காரர் ஆனார். 1908 டிசம்பர் 15-ஆம் நாள் அவரும் பியத்ரியும் எதிர்நின்றனர். அரங்கின் ஓட்டத்தடம் பத்துச் சுற்றுக்கு ஒரு மைல். மாரத்தான் தொலைவு முழுவதும் ஓட 262 சுற்றுகள் வேண்டும். திருப்பம் ஓயாத தடம். ஆயிரக்கணக்கானோர் புகைத்த சுருட்டின் புகை கூரையடியிற் படர்ந்து மூச்சைத் திணறச் செய்தது. சிறுவடிவினராகிய பியத்ரி பெரும்பாலும் முன்னே ஓடினார். நெடிய லாங்போட் அவர் நிழல்போல் அடிபிறழாது பின்தொடர்ந்தார். இருபது மைல் கடந்தது, இருபத்தைந்தும் கடந்தது. இருவர்க்கும் இடையே சில அடிகளே இருந்தன. அப்பொழுது லாங்போட் திடீரென விரைந்து முன்னேறினார். பியத்ரி உடன் விரைய முயன்றார், கால்கள் இசையவில்லை. எல்லைக்கு ஒரு மைலும் இல்லாத நிலையில் அவர் தடத்தில் விழுந்தார். லாங்போட் எஞ்சிய சுற்றுகளைத் தனியே ஓடி முடித்தார்.

அம்மாதம் 28-ஆம் நாள் லாங்போட் மோகாக் குடியைச் சேர்ந்த லாரெட்டா மாரக்கிள் என்னும் நங்கையை மணந்தார். மேலாளர் அம்மண விழாவையும் விடவில்லை. டொராண்டோவில் மாசி மன்றம் என்னும் பெரிய அரங்கிற் பொதுமக்கள் காணும் காட்சியாக்கினார். மணமகன் ஐந்தாம் நாள், 1909 சனவரி 2-ஆம் தேதி, பபலோ நகரில் மீண்டும் பியத்ரியோடு ஓடினார். பியத்ரி இடையில் விலக, இம்முறையும் வெற்றி லாங்போட்டுக்கே கிட்டியது.

இவற்றினும் பெரிய போட்டி அடுத்த மாதம் வந்தது. இங்கிலாந்து நாட்டு ஆல்பிரடு சிரப் என்பார், 1904-ஆம் ஆண்டில் பத்து மைலை 50 நிமிடம் 40 நொடிகளில் ஓடி உலகை வியப்பித்தவர். பின்னர்ப் பொருள் பெற்றார் என்று கழகத்தாரால் விலக்கப்பட்டுத் தொழில்முறை ஓட்டக்காரர் ஆனவர். பிப்ரவரி 5-ஆம் நாள் அதே நியூயார்க்கு அரங்கில் இருவரும் மாரத்தான் தொலைவு ஓடினர். சிரப் தொடக்கத்திலேயே அம்பெனப் பறந்தார். சுற்றுக்குச் சுற்று இடைவெளி வளர்ந்தது. லாங்போட் பல சுற்றுகள் பின்தங்கினார். காண்போர் பலர் போட்டி முடிந்தது என்றே எண்ணினர். ஆனால் லாங்போட்டின் நடையில் ஒரு மாற்றமும் இல்லை. முதல் மைலில் இருந்த விரைவே பதினைந்தாம் மைலிலும் இருந்தது. சிரப்பின் விரைவு மெல்லக் குறையலாயிற்று. இடைவெளி ஒவ்வொரு சுற்றாகக் கரைந்தது. ஒருகட்டத்தில் சிரப் ஓடுவதை விட்டு நடந்தார்; மீண்டும் ஓடினார்; மீண்டும் நடந்தார். இருபத்துநாலாம் மைலுக்குப் பின் லாங்போட் அவரைக் கடந்தார். சிரப் தடத்தை விட்டு விலகினார். அவ்விருவரும் பின்னரும் பன்முறை எதிர்நின்றனர். இருபது மைலுக்குக் குறைந்த ஓட்டங்களிற் சிரப்பும், அதனின் மிக்க ஓட்டங்களில் லாங்போட்டும் வெல்லுதல் வழக்கமாயிற்று. ஒருவரது வன்மை மற்றவர்க்கு இல்லை என்பதை இருவரும் உணர்ந்து மதித்தனர்.

எல்லா ஓட்டங்களிலும் லாங்போட் வென்றார் என்று நினைத்தல் கூடாது. 1909 ஏப்பிரல் 3-ஆம் நாள் நியூயார்க்கில் போலோ மைதானத்தில் அறுவர் ஓடிய பெரும்போட்டியில் பிரெஞ்சுக்காரராகிய என்றி செயின்ட் ஈவ் வென்றார். லாங்போட் இடையில் நின்றுவிட்டார்.

அவ்வாண்டிலேயே அவர் நெஞ்சைப் புண்படுத்திய செயலொன்று நடந்தது. பிளானகன் லாங்போட்டின் ஒப்பந்தத்தை அமெரிக்கர் பாட் பவர்சு என்பவருக்கு 2,000 டாலருக்கு விற்றுவிட்டார். பவர்சு அதனைச் சிலகாலம் வைத்திருந்து, குறைந்த விலைக்கு வேறொருவர்க்கு விற்றார். ஓட்டக்காரர் எந்நாளில் எவ்வூரில் எவரோடு ஓடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, சந்தையில் மாடு கைமாறுவதுபோல் கைமாறியது. ஓய்ந்திருக்க வேண்டிய கால்களை ஓடச்செய்தனர். முழங்காலும் முதுகும் நோவெடுத்தன. வெற்றிகள் குறைந்தன. உடனே பழைய பழியாகிய சோம்பலையே மீண்டும் கூறினர். லாங்போட் வாய்ச்சொல்லால் விடை கூறுவதை விடுத்து, தாம் ஈட்டிய பொருளைக் கொடுத்துத் தம் ஒப்பந்தத்தைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்டார். அன்று முதல் தமக்குத் தாமே மேலாளர்; பயிற்சியும் தம் முறைப்படியே. அவர் முடிந்துபோனவர் என்று எழுதியோர் வியக்குமாறு, 1912-ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் 15 மைலை 1 மணி 18 நிமிடம் 10 நொடியில் ஓடித் தொழில்முறை ஓட்டக்காரருள் எவரும் அதுவரை காணாத விரைவைக் காட்டினார்.

முதல் உலகப்போர் மூண்டது. பந்தய ஓட்டங்கள் ஓய்ந்தன. 1916-ஆம் ஆண்டு லாங்போட் கனடா நாட்டுப் படையிற் சேர்ந்து பிரான்சு சென்றார். அங்குப் பதுங்குகுழிகளுக்கிடையே செய்தி கொண்டு ஓடும் பணி அவர்க்கு வாய்த்தது. குண்டுவீச்சில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோகும். அப்போது தலைவரின் ஆணை சேற்றிலும் புகையிலும் ஓடும் ஒருவன் கால்களையே நம்பியிருக்கும். முன்னோர் காட்டுவழியிற் செய்த தொழிலை அவர் போர்க்களத்திற் செய்தார். அவர் இறந்துபட்டார் என்று ஊரில் ஒருகால் தவறான செய்தி பரவிற்று. போர் முடிந்து அவர் உயிரோடு திரும்பியபோது மனைவியார் வேறொருவரை மணந்திருந்தார். லாங்போட் அவர்மீது பகை கொள்ளாது, தம் குடியைச் சேர்ந்த மார்த்தா சில்வர்சுமித்து என்பாரை மணந்து, நான்கு மக்களைப் பெற்று வளர்த்தார்.

ஓடும் வலிமை குன்றிவிட்டது; தொழில்முறை ஓட்டத்துக்கு மக்களிடையே இருந்த ஆர்வமும் மறைந்தது. ஆலைகளிலும் பண்ணைகளிலும் சிலகாலம் உழைத்த பின், 1927 முதல் 1944 வரை டொராண்டோ நகரின் தெருத் துப்புரவுப் பணியில் ஈடுபட்டார். ஒருகாலத்தில் அவரைக் காண அலைமோதிய தெருக்களிலேயே அவர் சருகும் குப்பையும் கூட்டினார் என்று செய்தித்தாள்கள் இரங்கி எழுதின. அவ்விரக்கம் அவருக்கு வேண்டப்படவில்லை. உலகெங்கும் வேலையின்றி மக்கள் வாடிய 1930-களில் நிலையான கூலி கிடைத்தது; மக்கள் பசியறியாது வளர்ந்தனர். அதில் அவர் நாணத்தக்கது எதுவும் இல்லை என்றே கருதினார். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் கிராண்டு ஆற்றங்கரையிலுள்ள தம் ஊருக்குத் திரும்பினார். 1949 சனவரி 9-ஆம் நாள் நிமோனியாக் காய்ச்சலால் உயிர் நீத்தார். ஒனொண்டாகர் மரபுப்படி, தாய்மொழியில் உரைகள் நிகழ, அவர் அடக்கம் செய்யப்பெற்றார்.

1951-ஆம் ஆண்டிலிருந்து கனடா நாட்டுத் தொல்குடி விளையாட்டு வீரர்க்கு அவர் பெயரால் விருது வழங்கப்பட்டது. 1955-ஆம் ஆண்டு கனடா விளையாட்டுப் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவர் சிறுவராயிருந்து தப்பி ஓடிய பள்ளி 1970-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பாஸ்டன் வெற்றிக்காக டொராண்டோ நகரமன்றம் 1907-ஆம் ஆண்டில் உறுதி கூறிய கல்விப் பொருள் லாங்போட் உயிரோடிருந்த காலமெல்லாம் அவர் கைக்கு வரவில்லை. 1980-ஆம் ஆண்டில்தான் அவர் வழியினர்க்கு நகரம் அக்கடனைத் தீர்த்தது.